ஸ்லாங் இல்லாமல் கதைக்கிற ஒராளைக் காட்டுங்கோ

"உங்கட தமிழில ஸ்லாங்கே இல்லையே!"

பாராட்டு எண்டு நினைச்சுத்தான் இதைச் சொல்லுவினம். மட்டக்களப்பில இருந்து வந்தவருக்கும், ஹற்றனில இருந்து வந்தவருக்கும், அக்கரைப்பற்றில இருந்து வந்தவருக்கும் கம்பஸ் வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்தில இந்தப் பாராட்டு கிடைக்கும். கிடைக்காட்டி இதன்ர மறுபக்கம் கிடைக்கும். அவர் சொன்ன வசனத்தை, அவர் சொன்ன மாதிரியே, கொஞ்சம் கூட்டி இழுத்து ஆரோ ஒராள் திருப்பிச் சொல்லுவார். சுத்தி இருக்கிற எல்லாரும் சிரிப்பினம். அவர் சொல்ல வந்த விசயம் என்ன எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

இந்தக் கட்டுரையில நாங்கள் சொல்ல வாறது ஒண்டுதான். ஸ்லாங் இல்லாத தமிழ் எண்டு ஒண்டு உலகத்திலேயே இல்லை. 'ஸ்லாங் இல்லாத தமிழ்' எண்டு எங்களுக்குக் கேக்கிறது, அந்த இடத்தில செல்வாக்கோட இருக்கிற ஆக்களின்ர ஸ்லாங். இது விளங்காமல் நடக்கிற பகிடிக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையைக் குடுக்கிறது எப்பவும் ஒரே ஆக்கள்தான்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்லாங் எண்டது ஆங்கிலத்தில ஒரு குழுவுக்குள்ள புழங்குற கொச்சைச் சொற்களைக் குறிக்கிற சொல். நாங்கள் அதை உச்சரிப்பு, இழுவை, ராகம், ஊர்ச்சொல் எல்லாத்துக்கும் சேர்த்துப் பாவிக்கிறம். அதைத் திருத்துற நோக்கம் எங்களுக்கு இல்லை. எல்லாருக்கும் விளங்குற சொல்லாக நிலைச்சிட்டுது, அப்பிடியே இருக்கட்டும்.

வாய் பழகுற வயசு

1984 இல் ஜனெற் வேர்க்கர், ரிச்சர்ட் ரீஸ் எண்ட ரெண்டு உளவியலாளர்கள் கனடாவில ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் கதைக்கிற வீட்டுக் குழந்தைகளுக்கு ஹிந்தி மொழியின் ரெண்டு ஒலிகளைக் கேட்கக் குடுத்தார்கள். ஒண்டு நாக்கு நுனி பல்லில படுற ஒலி, எங்கட 'த' மாதிரி. மற்றது நாக்கை மடிச்சுச் சொல்லுற ஒலி, எங்கட 'ட' மாதிரி. ஆறு தொடக்கம் எட்டு மாதக் குழந்தைகளில அநேகமானவை ரெண்டையும் வேறாகக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதமாகும்போது அநேகமானவையால் முடியவில்லை. காதில பழுது ஒண்டும் இல்லை. இந்த வீட்டில இந்த வித்தியாசத்துக்கு வேலை இல்லை எண்டு மூளை கண்டுபிடிச்சிட்டுது, அவ்வளவுதான்.

அதாவது முதலாவது பிறந்தநாள் கேக் வெட்ட முதலே எங்கட ஸ்லாங் தொடங்கிவிடுகிறது. அதை நாங்கள் தெரிவு செய்யவும் இல்லை, ஆரும் எங்களுக்குப் படிப்பிக்கவும் இல்லை. சுத்தி ஆர் கதைச்சினமோ அவையின்ர ஒலிகளுக்குக் காது பழகி, பிறகு வாய் பழகி வந்தது.

இப்ப 'பத்து', 'பற்று', 'பட்டு' எண்ட மூண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கோ. யாழ்ப்பாணப் பேச்சில மூண்டும் மூண்டு விதம். முதலாவதுக்கு நாக்கு பல்லில படும், ரெண்டாவதுக்குப் பல்லுக்கு மேல முரசில படும், மூண்டாவதுக்கு இன்னும் பின்னுக்கு மடியும். தமிழ்நாட்டில கனபேர் நடுவில உள்ளதை வாசிக்கும்போது ஒரு ரகரத்தைச் சேர்த்துக்கொள்ளுவினம். பேச்சில அங்கே 'காற்று' 'காத்து' ஆகிவிடும். ஆங்கிலச் சொற்களை எழுதும்போது நாங்கள் ரெண்டு பக்கமாகப் பிரியிறதும் இதாலதான். அவை 'டொரண்டோ' எண்டு எழுதுவினம், நாங்கள் 'ரொறன்ரோ' எண்டு எழுதுவம். அவைக்கு 'டிக்கெட்', எங்களுக்கு 'ரிக்கெற்'. இதை வைச்சு எங்களைப் பகிடி பண்ணுற ஆக்கள் நிறைய. ஆனால் அந்த ஆங்கில ஒலி எங்கட காதுக்கு 'ட'வை விட 'ற்ற'வுக்குத்தான் கிட்டக் கேக்குது. சொல்லுக்கு முதலில 'ற' வராது எண்டபடியால் 'ர' வைச்சம். ரெண்டு பக்கத்து எழுத்துக்கும் பின்னால ஒவ்வொரு காது இருக்கு. எதுவும் பிழை இல்லை.

ஏன் ஊருக்கு ஊர் மாறுது?

ஆக்கள் தாங்கள் தினமும் ஆரோட கதைக்கினமோ அவையைப் போலக் கதைப்பினம். நடுவில கடல், காடு, மலை, எல்லை எண்டு ஏதாவது வந்து கதை குறைஞ்சால், ரெண்டு பக்கத்துப் பேச்சும் தன்ர தன்ர வழியில போகும். ஒரு பக்கத்தில ஒரு பழைய வடிவம் தங்கும், மற்றப் பக்கத்தில இன்னொண்டு தங்கும். தூரத்தில இருக்கிற 'அது', கிட்ட இருக்கிற 'இது' ரெண்டுக்கும் நடுவில 'உது' எண்டு ஒண்டு பழந்தமிழில இருந்தது. யாழ்ப்பாணத்தில அது இண்டைக்கும் உயிரோட இருக்கு. மட்டக்களப்புத் தமிழைப் படித்த செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ்களுக்குள்ள எழுத்துத் தமிழுக்கு மிகக் கிட்ட நிக்கிறது அதுதான் எண்டு கருதினார். யாழ்ப்பாணத்தில 'தூய தமிழ்' பெருமை பேசுற எங்கட சொந்தக்காரர் கனபேருக்கு இது தெரியாது.

மலையகப் பேச்சுக்கு வேறொரு வரலாறு. 1820களில கோப்பித் தோட்டங்களுக்கு ஆக்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1867 இல இருந்து தேயிலை வந்தது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் எண்டு பல மாவட்டங்களின் ஆக்கள் ஒரே லயத்தில, ஒரே பெரட்டுக்களத்தில நிக்கவேண்டி வந்தது. ஒவ்வொருவரும் கொண்டுவந்த ஊர்ப்பேச்சு கலந்து, உரசி, புதுசாக ஒரு தமிழ் உருவாகியது. அது மதுரைத் தமிழும் இல்லை, சேலத்துத் தமிழும் இல்லை. 2023 இல் மலையகத்துக்கு 200 வருசம் எண்டு தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு நடந்து போய் நினைவுகூர்ந்தார்கள். இருநூறு வருசமாக இந்த மண்ணில வளர்ந்த பேச்சை இன்னும் 'இந்தியத் தமிழ்' எண்டு சொல்லுறதுக்கு மொழியில ஒரு காரணமும் இல்லை. 1948 இல் பிரஜாவுரிமையைப் பறிச்ச சட்டத்தின்ர மனசுதான் அந்தச் சொல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு. ஸ்லாங் எண்டது, நான் ஆரோட நிக்கிறன் எண்டு சொல்லுற ஒரு வழி. வில்லியம் லபோவ் எண்ட மொழியியலாளர் 1963 இல் அமெரிக்காவின் மாதாஸ் வின்யாட் எண்ட தீவைப் பற்றி எழுதினார். கோடை காலத்தில உல்லாசப் பயணிகள் வந்து நிறையிற தீவு அது. இந்தத் தீவிலதான் இருக்கப்போறம் எண்டு நினைச்ச ஆக்கள், முக்கியமாக மீனவர்கள், சில உயிரொலிகளைத் தீவின் பழைய விதத்தில அழுத்திச் சொன்னார்கள். வெளியில போக நினைச்ச இளம் ஆக்களிட்ட அது குறைவு. ஒருத்தரும் கூட்டம் வைச்சு முடிவெடுக்கவில்லை. மனசு எங்கை நிக்குதோ வாய் அங்கை போச்சுது.

எங்கட நாட்டில இதுக்கு வலியான உதாரணங்கள் இருக்கு. 1990 ஒக்டோபரில விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களால் கையில எடுத்துக்கொண்டு போக முடிஞ்சது மிகக் கொஞ்சம். யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஆக்கள் புத்தளத்துக்குக் கொண்டுபோனவற்றில ஒண்டு அவர்களின் யாழ்ப்பாணப் பேச்சு. வீட்டையும் நகையையும் விட்டுவிட்டுப் போகச் சொல்லலாம், வாயில இருக்கிறதைப் பறிக்க ஏலாது. அந்தப் பேச்சு அவர்களின்ர உரிமைப் பத்திரம். 'யாழ்ப்பாணத் தமிழ்' எண்டு நாங்கள் பெருமைப்படும்போது அவர்களின் குரல் அதுக்குள்ள கேக்குதா எண்டு யோசிக்க வேணும்.

ஒரே ஒலி, ரெண்டு விலை

ஒரு ஒலிக்குத் தன்னளவில மதிப்பும் இல்லை, இழிவும் இல்லை. இதுக்குச் சான்றும் லபோவின்ர வேலையிலேயே கிடைக்கும். 1960களில அவர் நியூயோர்க்கில மூண்டு பெரிய கடைகளுக்குப் போனார். ஒண்டு பணக்காரருக்கானது, ஒண்டு நடுத்தர வர்க்கத்துக்கானது, ஒண்டு மலிவுக்கடை. வேலை செய்யிறவர்களிட்ட 'நாலாம் மாடி' எண்டு ஆங்கிலத்தில பதில் வாற மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டார். அந்தப் பதிலில ரெண்டு இடத்தில ரகரம் வரவேணும். பணக்காரக் கடையில ரகரம் கூடக் கேட்டுது, மலிவுக்கடையில குறைவாகக் கேட்டுது. அங்கே ரகரத்தை விழுங்கினால் மதிப்புக் குறைவு. ஆனால் இங்கிலாந்தில மேல்தட்டு ஆங்கிலம் எண்டு போற்றப்படுகிற உச்சரிப்பு, அதே இடத்தில ரகரத்தை விழுங்குற உச்சரிப்பு. ஒரே ஒலி ஒரு நாட்டில உயர்வு, இன்னொரு நாட்டில தாழ்வு. வித்தியாசம் ஒலியில இல்லை, அதைச் சொல்லுற ஆக்களின் இடத்தில இருக்கு.

எங்கட உதாரணத்துக்கு நியூயோர்க் வரைக்கும் போகத் தேவையில்லை. ஒரு சொல் போதும்: 'ஆமா'.

யாழ்ப்பாணத்திலயும் மட்டக்களப்பிலயும் 'ஓம்' எண்டு சொல்லுற இடத்தில மலையகத்தில 'ஆமா' எண்டு சொல்லுவார்கள். தனியார் எஃப்.எம் வானொலியில ஒரு அறிவிப்பாளர் சென்னைத் தொனியில 'ஆமா ஆமா' எண்டு சொன்னால் அது ஸ்ரைல். யூரியூப்பில யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவர் 'வணக்கம் மக்களே, ஆமாங்க' எண்டு தொடங்கினால் அவர் புரொபெஷனல். அதே 'ஆமா'வை ஹற்றனில இருந்து வந்த மாணவி விரிவுரை மண்டபத்தில சொன்னால் பின்வரிசையில சிரிப்பு. எழுத்து ஒண்டு, ஒலி ஒண்டு. ஒண்டுக்குப் பின்னால சினிமாவும் காசும் நிக்குது, மற்றதுக்குப் பின்னால லயன் வீடு நிக்குது. பின்வரிசை சிரிக்கிறது அந்த லயன் வீட்டைப் பார்த்து. இதை மொழிப்பற்று எண்டு சொல்லாதேங்கோ.

முஸ்லிம் நண்பர்களின் பேச்சுக்கும் இதே கதிதான். 'வாப்பா', 'ராத்தா' எண்ட சொற்களை எடுத்து, ஒரு போலி ராகத்தில போட்டு, ரிக்ரொக்கில நகைச்சுவை எண்டு விடுகிற ஆக்கள் இருக்கினம். கிழக்கில முஸ்லிம்களும் தமிழர்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில நூற்றாண்டுகளாக ஒரே பேச்சின் ரெண்டு கிளைகளைக் கதைத்து வருகிறார்கள் எண்டது அந்த வீடியோக்களில தெரியாது.

எங்களைப் பகிடி பண்ணினால்?

தமிழ்நாட்டுச் சினிமாவில 'இலங்கைத் தமிழ்' வரும்போது எங்கட ஆக்களுக்கு வாற கோபத்தை எல்லாரும் பார்த்திருப்பியள். 2000 இல் வந்த 'தெனாலி'யில கமல்ஹாசன் யாழ்ப்பாணத் தொனியில கதைச்சார். எல்லாத்துக்கும் பயப்படுகிற ஒரு மனிதன், அவன்ர பயம், அவன்ர பேச்சு எல்லாம் சேர்ந்து பகிடி. பிறகு எத்தனையோ படங்களில 'அண்ணை', 'கதைக்கிறன்' எண்டு ரெண்டு சொல்லைப் போட்டு ஒரு அகதிப் பாத்திரத்தைச் செய்து முடிச்சிருக்கினம். 2025 இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில ஒரு குடும்பம் சென்னையில தாங்கள் இலங்கை எண்டு காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டி வருகுது. ஊரைக் காட்டிக்குடுக்கக்கூடியது அவர்களின் பேச்சுத்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 'எங்கட கதை' எண்டு ஸ்ரேற்றஸ் போட்ட எங்கட ஆக்கள் கனபேர். அந்த உணர்வு நியாயமானது. பேச்சை ஒளிக்க வேண்டியிருக்கிறது எவ்வளவு பெரிய பாரம் எண்டு விளங்கிய உணர்வு அது.

இந்தப் பாரம் படத்தோட முடியிறதும் இல்லை. 1983 கறுப்பு யூலையில தமிழரைக் கண்டுபிடிக்க உச்சரிப்பு ஒரு சோதனையாகப் பாவிக்கப்பட்டது. பஸ்களை மறிச்சு, வாளியைக் குறிக்கிற 'பால்திய' எண்ட சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அந்தச் சொல்லின் முதல் ஒலியைச் சரியாகச் சொல்ல முடியாதவர் தமிழர். இதை எழுதும்போதே ஒரு விசயம் கையில தட்டுப்படுகுது. அந்த முதல் ஒலி எங்கட 'ப' இல்லை. அதைக் காட்டத் தமிழ் எழுத்துக்கு வழியும் இல்லை. 'பம்பரம்' எண்டு சொல்லிப் பாருங்கோ. முதல் 'ப' மெல்லிசு, 'ம்'முக்குப் பிறகு வாற 'ப' தடிப்பு. அந்தத் தடிச்ச ஒலி எங்கட வாயில இருக்கு. ஆனால் தமிழ்ச் சொல்லுக்கு முதலில வாறதில்லை. அதாலதான் பஸ்ஸை 'வசு' எண்டு சொல்லுற அம்மம்மாக்கள் எங்கட வீடுகளில இருக்கினம். 'பால்திய' எண்ட சொல்லும் போர்த்துக்கேய மொழியில இருந்து சிங்களத்துக்கு வந்ததுதான். கப்பலில வந்த ஒரு சொல்லின் முதல் எழுத்தில ஆக்களின் உயிர் தங்கியிருந்தது.

அதுக்குப் பிறகும் கொழும்புப் பஸ்ஸில தொலைபேசி அடிச்சால் எடுக்காமல் விட்ட, எடுத்தாலும் மெல்லமாகக் கதைச்ச ஒரு தலைமுறைதான் எங்களை வளர்த்தது. சோதனைச் சாவடியில சிங்களத்தை எந்தத் தொனியில கதைக்கிறது எண்டு பழகிப் பார்த்துவிட்டுப் போன ஆக்கள் அவர்கள்.

கம்பஸில நடக்கிற பகிடியும் 1983 உம் ஒண்டு எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஒண்டு கொலை, மற்றது சிரிப்பு. ஆனால் ரெண்டிலயும் முதல் அடி ஒண்டுதான். ஒராள் என்ன சொல்லுறார் எண்டு கேக்கிறதை விட்டுவிட்டு, எப்பிடிச் சொல்லுறார் எண்டதை வைச்சு அவரை ஒரு பக்கத்தில ஒதுக்கிறது. இந்த அடியின் நோவு தெரிஞ்ச சமூகம் எங்கட சமூகம். எங்களுக்குள்ள அது நடக்கும்போது முதலில அடையாளம் காணவேண்டியதும் நாங்கள்தான்.

'சுத்தத் தமிழ்' ஆருடையது?

இந்த வரிசைப்படுத்தல் புதுசு இல்லை. பழைய இலக்கண உரைகளில செந்தமிழ் நிலம் எண்டும் அதைச் சுத்திக் கொடுந்தமிழ் நிலங்கள் எண்டும் பிரிச்சு வைச்சிருக்கினம். 'கொடு' எண்டால் வளைஞ்சது. நேரான தமிழ் ஒரு இடத்தில, வளைஞ்ச தமிழ் மற்ற இடங்களில. அந்தக் கணக்கில யாழ்ப்பாணம் செந்தமிழ் நிலத்துக்குள்ள வராது எண்டது எங்கட தமிழ்ப் பெருமைக்காரருக்கு ஒரு சின்ன மருந்து.

1960களின் தொடக்கத்தில இலங்கையில இதே சண்டை இலக்கியத்தில நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளில இருந்தும் உழைக்கும் ஆக்களிட்ட இருந்தும் வந்த எழுத்தாளர்கள், அந்த ஆக்கள் கதைக்கிற மாதிரியே கதைகளில எழுதினார்கள். மரபு பேசின பண்டிதர்கள் அதை 'இழிசனர் இலக்கியம்' எண்டார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நிண்டார்கள். டானியல், டொமினிக் ஜீவா போன்றவர்களின் எழுத்து நிலைச்சுது. இண்டைக்கு அவர்களின் கதைகளைப் பாடத்திட்டத்தில வைச்சுப் படிக்கிறம். படிச்சு முடிச்சு வெளியில வந்து, அந்தக் கதைகளில வாற ஆக்களைப் போலக் கதைக்கிற சக மாணவரைப் பார்த்துச் சிரிக்கிறதை எந்தப் பாடத்தில சேர்க்கிறது?

யாழ்ப்பாணத்துக்குள்ளேயும் பேச்சு ஒண்டு இல்லை. வடமராட்சி இழுவை வேற, தீவுப்பகுதிப் பேச்சு வேற. சாதியும் பேச்சும் எப்பிடிப் பின்னியிருக்கு எண்டு சுசீந்திரராசா போன்ற எங்கட மொழியியலாளர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கினம். 'யாழ்ப்பாணத் தமிழ்' எண்டு பொதுவாகச் சொல்லப்படுறது, அங்கையும் மேல இருந்த ஆக்களின்ர பேச்சு.

ழகரத்தைப் பற்றியும் ஒண்டு. தமிழின் சிறப்பே ழகரம் எண்டு மேடையில முழங்குற எங்களில கனபேர், சாப்பாட்டு மேசையில 'வாளைப்பளம்' எண்டுதான் கேக்கிறம். அதில வெக்கப்பட ஒண்டும் இல்லை. ஆனால் பிறகு ரொறன்ரோவில பிறந்த மச்சாளின்ர தமிழைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவ தனக்குக் கிடைச்ச காதோடயும் வாயோடயும் தமிழுக்குக் கிட்ட வரப் பாக்கிறா.

"பகிடிதானே?"

இதுக்கு வாற முதல் மறுப்பு இதுதான். ஒரு அளவுக்கு உண்மையும் கூட. ஒரே அறையில நாலு ஊர் ஆக்கள் இருந்தால் ஒருவரின்ர பேச்சை மற்றவர் பிடிக்கிறது இயல்பு. மட்டக்களப்பு நண்பரின் 'மறுகா' எங்கட வாயில ஒட்டிக்கொள்ளும், எங்கட 'உது' அவருக்கு ஒட்டும். அது அன்பு. ரெண்டு பக்கமும் சிரிக்குது, ரெண்டு பக்கமும் குடுத்து வாங்குது.

ஒரு பக்கம் மட்டும் எப்பவும் சிரிக்க, மற்றப் பக்கம் எப்பவும் பேச்சைக் குறைச்சுக்கொண்டு போனால் அது பகிடி இல்லை. எங்களுக்குத் தெரிஞ்ச மலையக நண்பி ஒருத்தி முதலாம் வருசம் முழுக்க ரியூட்டோரியலில வாய் திறக்கவில்லை. கேள்விகள் எல்லாம் இரவில வட்ஸ்அப்பில வரும், எழுத்தில. வீட்டுக்குக் கோல் எடுக்க வேண்டுமெண்டால் விடுதி அறையை விட்டு வெளியில போய் மரத்தடியில நிண்டு கதைப்பா. அம்மாவோட கதைக்கிற தமிழ் அறைக்குள்ள கேக்கக் கூடாது எண்டு. அவ எங்கட பட்ச்சில நல்லா வாசிக்கிறவைக்குள்ள ஒராள். விரிவுரையாளர்களுக்கு அவவை ஒரு வருசமாகத் தெரியாது. இந்த நட்டம் அவவுக்கு மட்டும் இல்லை. அவ கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இல்லாமல் அந்த வகுப்புகள் நடந்து முடிஞ்சுது.

1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம், ஒரு மாணவருக்கு உடல் காயத்தை மட்டும் இல்லை, உளக் காயத்தையும் மன வேதனையையும் பயத்தையும் ஏற்படுத்துறதையும் பகிடிவதை எண்டு சொல்லுது. ஒராளின்ர பேச்சைத் திருப்பித் திருப்பி நடிச்சுக் காட்டி அவரை வாய் மூட வைக்கிறது அதுக்குள்ள வராதா எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ரெண்டாவது மறுப்பு: "அப்ப பொதுத்தமிழ் வேண்டாமோ?" வேணும். எழுத்துக்கு, செய்திக்கு, சட்டத்துக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு வடிவம் தேவை. ஆனால் அது எழுத்தின் பொதுமை. ஒரே பந்தியை ஹற்றன்காரர் ஹற்றன் தொனியில வாசிக்கலாம், காத்தான்குடிக்காரர் காத்தான்குடித் தொனியில வாசிக்கலாம். பந்தி மாறாது. இலங்கை வானொலியின்ர நல்ல காலத்தில பி.எச்.அப்துல் ஹமீட், கே.எஸ்.ராஜா போன்றவர்களைத் தமிழ்நாடே கேட்டுது. சென்னை மாதிரிக் கதைச்சு அந்தப் பெயரை அவர்கள் எடுக்கவில்லை. தெளிவு வேற, ஊரை மறைக்கிறது வேற.

மூண்டாவது மறுப்பு பாதிக்கப்பட்ட பக்கத்தில இருந்தே வரும்: "நாங்கள் மாத்திக் கதைக்கிறம், அதில என்ன பிழை?" ஒரு பிழையும் இல்லை. எல்லாரும் ஆளுக்கு ஏற்ற மாதிரித் தொனியை மாத்துறம். அம்மாவோட ஒரு மாதிரி, நேர்முகத் தேர்வில ஒரு மாதிரி. மாத்துறவரைத் துரோகி எண்டு சொல்லுற உரிமை ஒருத்தருக்கும் இல்லை. எங்கட கேள்வி மற்றப் பக்கத்துக்கு: ஏன் எப்பவும் அவரே மாத்த வேண்டியிருக்கு?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒண்டும் தேவையில்லை.

பிரசென்ரேசன் முடிஞ்ச பிறகு கருத்துச் சொல்லுறவர்கள், கருத்தைப் பற்றிச் சொல்லட்டும். 'மொழியைக் கொஞ்சம் திருத்துங்கோ' எண்ட வசனத்தை, உண்மையிலேயே விளங்காத இடம் இருந்தால் மட்டும் பாவிக்கலாம். பாடசாலைப் பேச்சுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பழக்கப் போற எங்கட நண்பர்கள், 'ஊர்ப்பேச்சு வரக்கூடாது' எண்டு தொடங்காமல் 'சொல்லுறது எல்லாருக்கும் கேக்க வேணும்' எண்டு தொடங்கலாம்.

குறும்படம், மேடை நாடகம் செய்யிறவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கட கதையில மலையகத் தொனியில கதைக்கிறவர் ஆர்? வேலைக்காரரா, பகிடிக்காரரா? டொக்டராக, காதலியாக, கதை சொல்லுறவராக அவர் ஒரு முறையாவது வந்திருக்கிறாரா? முஸ்லிம் பேச்சு வாற ஒரே இடம் கடை முதலாளி பாத்திரமா? இதை எழுதி வைச்சு எண்ணிப் பாருங்கோ.

கலைப்பீடத்தில படிக்கிற எங்கட கையில இன்னொரு வேலையும் இருக்கு. ஆளுக்கு ஒரு போன் இருக்கு. விடுமுறைக்கு வீட்டை போகும்போது அம்மம்மா, அப்பாயி, உம்மும்மா ஆராவது ஒராளிட்ட ஒரு அரை மணித்தியாலம் கதை கேட்டுப் பதிவு செய்யலாம். வன்னியில, மன்னாரில, உடப்பில, மஸ்கெலியாவில, மூதூரில. இடப்பெயர்வும் சினிமாவும் சேர்ந்து பேச்சு வேகமாக மாறிக்கொண்டிருக்கு. இந்தத் தொனிகள் எப்பிடி இருந்தன எண்டு நாளைக்கு ஆராவது கேட்டால் போட்டுக் காட்ட எங்களிட்ட ஏதாவது இருக்க வேணும்.

இந்தக் கட்டுரையை நாலு ஊர் ஆக்கள் சேர்ந்து இருந்து கதைச்சு எழுதினம். தட்டச்சு செய்தவர் வடக்கு எண்டது முதல் பந்தியிலேயே உங்களுக்கு விளங்கியிருக்கும். அடுத்த கட்டுரையை மலையக நண்பி தட்டச்சு செய்யிறா. அதில 'எண்டு' இருக்காது, 'ன்னு' இருக்கும். வாசிச்சுப்போட்டு, அவ என்ன சொல்லியிருக்கிறா எண்டதைப் பற்றி எங்களோட சண்டை பிடியுங்கோ.